முயற்சி போதாது

திங்கட்கிழமைக் காலைகளில் நாற்பத்தெட்டுக் கட்டுரைக் கொப்பிகள் பிலோமினா டீச்சரின் மேசையில் ‘தொப்’பென்று விழும். விழுந்த கையோடு அவற்றிலிருந்து ஒரு மணம் கிளம்பி நாங்கள் இருந்த வாங்கு வரைக்கும் வரும். பழுப்புக் கடதாசி உறைகளில் ஊறிய தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், கருவாடு, யாரோ ஒருவர் வீட்டுச் சாம்பிராணி என்று எல்லாம் கலந்து, இரண்டு நாள் டீச்சர் வீட்டு அலுமாரிக்கு மேல் கிடந்த புழுக்கமும் சேர்ந்த அந்த மணத்தை அதற்குப் பிறகு வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. அது வந்தால் என் பக்கத்தில் இருந்த ஜெனிட்டாவுக்குக் கை குளிர்ந்துவிடும். வாங்குக்குக் கீழே என் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொள்வாள். மீன் கடையில் ஐஸுக்குள் கை விட்டவள் போல அப்படி ஒரு குளிர்.

அது நாங்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்த ஆண்டு. ஐந்தாம் வகுப்பு என்றால் புலமைப்பரிசில் பரீட்சை. எங்கள் வாயில் அது ‘ஸ்கொலசிப்’. அதில் ‘வெட்டுப்புள்ளி’க்கு மேலே எடுத்த பிள்ளை பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகும், எடுக்காத பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும். இதைத் தவிர அந்தப் பரீட்சையைப் பற்றி எங்களுக்கு யாரும் எதுவும் விளக்கியதில்லை. வெட்டுப்புள்ளி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இறைச்சிக்கடைக் கட்டைதான் கண்ணுக்குள் வரும்.

எங்கள் பள்ளிக்கூடம் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துப் பக்கமாக இறங்கும் ஒரு வீதியில் இருந்தது. என் அப்பா கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளாக். யாழ்ப்பாணத்திலிருந்து, கொண்டுவர முடிந்ததை இரண்டு பயணப் பைகளில் அடைத்துக்கொண்டு வந்து, ஒரு வீட்டின் பின்பக்க ‘அனெக்ஸ்’ஸில் வாடகைக்கு இருந்தோம். ஜெனிட்டா மட்டக்குளியில், ‘தோட்டம்’ என்று சொல்லும், வீட்டோடு வீடு ஒட்டிக்கிடந்த குடியிருப்பு ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுடைய அப்பா ‘ஹாபரில்’, துறைமுகத்துக்குள், மூட்டை தூக்கினார். அம்மா ரீட்டா அன்ரி ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷினில் இருந்தார். ஜெனிட்டா வேதக் கோயில் பாடகர் குழுவில் பாடுவாள். சிங்களம் சரளமாகப் பேசுவாள். கடைக்காரர்களோடு விலை பேசி எனக்கும் சேர்த்து மீன் வைத்த ‘மாலு பணிஸ்’ வாங்கித் தருவாள். அவளிடம் இல்லாத ஒன்று, கட்டுரைக் கொப்பியில் பத்துக்கு மேலே ஒரு புள்ளி.

அவளுடைய ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே சிவப்பு மையில் ஒரே இரண்டு சொற்கள்தான் இருக்கும்: ‘முயற்சி போதாது’. இருபதுக்கு ஏழு, முயற்சி போதாது. இருபதுக்கு எட்டு, முயற்சி போதாது. எது போதவில்லை, எங்கே போதவில்லை, எவ்வளவு இருந்தால் போதும் என்று ஒரு கோடுகூடக் கீறியிருக்காது. முதலில் அவள் கையெழுத்துத்தான் சரியில்லை என்று நினைத்தாள். அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வோர் எழுத்தையும் அதன்மேல் நிற்கவைத்து எழுதினாள். ஏழு. பிறகு நீளம் காணாது என்று நினைத்தாள். பசுவைப் பற்றி ஆறு பக்கம் எழுதினாள். பசுவைப் பற்றி ஆறு பக்கத்துக்கு யாரிடம் விடயம் இருக்கிறது, ஆகவே மூன்றாம் பக்கத்திலிருந்து பசு மறுபடியும் முதலிலிருந்து பால் தரத் தொடங்கியது. ஆறு. அந்தத் திங்கட்கிழமை அவள் கொப்பியை மூடி வைத்துவிட்டு, கோபமே இல்லாமல், கணக்குக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“நான் இன்னும் என்னத்தச் செய்யணும், தர்சினி?”

எனக்கும் அப்போது தெரியாது. எனக்குப் பதினொன்று, பன்னிரண்டு வந்துகொண்டிருந்தது; ஏன் வந்தது என்று எனக்கும் தெரியாது.

இரண்டாம் தவணையில் ஒருநாள் ரீட்டா அன்ரி அரைநாள் லீவு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தொழிற்சாலைச் சட்டையோடுதான் வந்தார். தோளில் நூல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வகுப்பு வாசலில் நின்று டீச்சரோடு கதைத்தது முன்வாங்கில் இருந்த எங்களுக்கு முழுவதும் கேட்டது.

“டீச்சர், புள்ள என்ன செஞ்சா சரியா வரும்னு எனக்குச் சொல்லுங்க. நான் செய்ய வைக்கிறேன்.”

“இன்னும் முயற்சி செய்யவேணும், அம்மா. நல்லா எழுதப் பழகவேணும்.”

“நல்லான்னா எப்பிடி டீச்சர்? நான் படிச்சது சிங்களத்துல. எனக்குத் தமிழ் வாசிக்க வராது. இவ எழுதினதப் பாத்து, இது நல்லா இருக்கு, இது நல்லா இல்லன்னு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?”

டீச்சருடைய முகம் மாறியதை நான் கண்டேன். இன்று நினைத்தால், அது கோபம் இல்லை என்று தோன்றுகிறது. கையில் சோக்கோடு நின்ற அந்த மனுசிக்கும் அந்தக் கேள்விக்குரிய பதிலை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆனால் அன்று அவர் சொன்னது இதுதான்.

“அதுதானே ஒவ்வொரு கிழமையும் கீழ எழுதி விடுறன். அதைப் பாருங்கோ. பிள்ளைக்கு வீட்டில கண்டிப்புக் காணாது.”

ரீட்டா அன்ரி தலையாட்டிக்கொண்டு போனார். கண்டிப்பு என்பது அவருக்கு விளங்கிய சொல். முயற்சியை அளக்கவும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மெஷினில் நாளொன்றுக்கு இத்தனை சட்டைக் கொலர் என்று எண்ணி வேலை செய்பவருக்கு, எண்ணக்கூடிய ஒன்றுதான் வேண்டியிருந்தது. அது பக்கம். பள்ளி விட்டு வந்ததிலிருந்து ஜெனிட்டா தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்து ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் எழுதவேண்டும். பாடகர் குழு நிறுத்தப்பட்டது. நத்தார்ப் பூசையில் அவள் தனியாகப் பாட இருந்த பாட்டை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தார்கள். ரீட்டா அன்ரி பக்கத்தில் இருந்து, தன்னால் வாசிக்க முடியாத எழுத்துகளை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் சரிபார்ப்பாராம். ஜெனிட்டாவின் நடுவிரலில், பேனை தொடும் இடத்தில், சின்ன மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு காய்ப்பு வந்தது. அதை அவள் எனக்குக் காட்டினாள். அதில் பெருமையும் கொஞ்சம் இருந்தது. முயற்சி கடைசியில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாக வந்துவிட்டது என்ற பெருமை.

திங்கட்கிழமை. இருபதுக்கு ஏழு. முயற்சி போதாது.

அந்தத் தவணைக்குள்தான் அம்மா என்னை வெள்ளவத்தைக்கு டியூசனுக்கு அனுப்பத் தொடங்கினார். சனிக்கிழமை காலையில் அப்பாவோடு பஸ் ஏறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, ‘காலி வீதி’ என்ற பெருந்தெருவிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கைக்குப் போவோம். ஒரு வீட்டின் கார் கராஜ்தான் வகுப்பு. தகரக் கூரை, ஐந்து நீள வாங்குகள், ஒழுங்கையின் முடிவில் தண்டவாளம். ரயில் போகும்போதெல்லாம் படிப்பித்த சேர் கதையை நிறுத்திக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார், கடைசிப் பெட்டி போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்.

முதல் நாள் அவர் எங்களை எழுதச் சொல்லவில்லை. யாரோ மூன்று பிள்ளைகள் ஒரே தலைப்பில் எழுதிய மூன்று கட்டுரைகளைப் பெயர் சொல்லாமல் வாசித்தார். எது நல்லது என்று கேட்டார். நாங்கள் இரண்டாவது என்றோம். ஏன் என்று கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர் மறுபடியும் வாசித்தார், இந்த முறை நிறுத்தி நிறுத்தி. முதலாவது பிள்ளை மழையைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்கிறது; இரண்டாவது பிள்ளை தான் நனைந்த ஒரு மழையைச் சொல்கிறது, பாருங்கோ, செருப்பு வாய்க்காலில் போனது வருகிறது, மற்றவருக்குத் தெரியாத ஒன்று வருகிறது; மூன்றாவது பிள்ளை நன்றாகத் தொடங்கி, நடுவில் மழையை மறந்து குடை விற்கப் போய்விட்டது. நாங்கள் சிரித்தோம். பிறகு, சோதனைத்தாள் திருத்துகிறவர்கள் கையில் இருக்கும் ‘புள்ளித் திட்டம்’ எப்படியிருக்கும் என்று தான் விளங்கிக்கொண்டதை ரோனியோவில் படியெடுத்து எல்லோருக்கும் ஒவ்வொரு தாள் தந்தார். தலைப்பில் நிற்பதற்கு இவ்வளவு, ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காகச் சொல்வதற்கு இவ்வளவு, சொந்தமாகக் கண்டதைச் சொல்வதற்கு இவ்வளவு, எழுத்துப்பிழைக்கு இவ்வளவுதான் போகும். எல்லாம் ஒரு மணித்தியாலத்துக்குள். ஐந்து ஆண்டுகளாகக் கண்ணைக் கட்டி நடத்திக்கொண்டு வந்தவர்கள் அன்றுதான் கட்டை அவிழ்த்து, அதோ, அங்கேதான் போகிறாய் என்று காட்டியதுபோல இருந்தது எனக்கு.

நாங்கள் வெளிக்கிடும்போது சேர் சொன்னார். “இது இஞ்ச இருக்கிற உங்களுக்கு. வெளியில குடுத்தா, உங்கட இடத்தைத்தான் தூக்கிக் குடுக்கிறியள்.”

வீட்டுக்கு வந்து தாளை அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, அப்பாவின் பத்திரங்கள் இருக்கும் பைக்குள் வைத்தார்.

“பள்ளிக்கூடத்தில ஆரும் கேட்டா, தெரியாது எண்டு சொல்லு. நாங்கள் எல்லாத்தையும் விட்டுட்டு வந்த ஆக்கள், பிள்ளை. எங்களுக்கு இனி இது ஒண்டுதான் கிடக்கு.”

அடுத்த திங்கட்கிழமை எனக்குப் பதினேழு. அதற்கடுத்த கிழமை பதினெட்டு. கொப்பியைத் திறந்தபோது ஜெனிட்டா என் பக்கம் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தாள்.

“எப்பிடி உனக்கு மட்டும்?”

“தெரியாது” என்றேன்.

அவள் அதை அப்படியே நம்பினாள். தெரியாமலே வருவது சிலருக்கு இருக்கிறது, தனக்கு இல்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். நான் சொன்ன முதல் பொய் அது. மூன்று கிழமை அதோடு இருந்தேன். நான்காம் கிழமை அவளுடைய விரல் காய்ப்பு வெடித்து, பேனையைச் சுற்றிப் பழைய துணித் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போய், தாளைக் காட்டாமல், அதில் இருந்ததை எல்லாம் சொன்னேன். சேர் வாசித்த மூன்று மழைகளையும் எனக்கு ஞாபகம் இருந்தபடி சொன்னேன். அந்தக் கிழமைத் தலைப்பு ‘எனக்குப் பிடித்த இடம்’.

“நீ போன ஞாயிற்றுக்கிழமை எங்க போனனீ?” என்று கேட்டேன்.

“எங்கயும் இல்ல. அப்பாவோட முகத்துவாரத்துக்கு. ஆறு கடல்ல விழுற எடத்துக்கு.”

“அங்க என்ன இருந்தது?”

அவள் சொல்லத் தொடங்கினாள். வலை இழுப்பவர்கள், அவர்களுடைய பாட்டு, ஒரு நாய் மீனைக் கௌவிக்கொண்டு ஓடி, சூடு பொறுக்காமல் மணலில் கால் மாற்றி மாற்றி நின்றது. இடைவேளை மணி அடித்தும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அதை எழுது” என்றேன்.

“அதெல்லாம் கட்டுரையா?” என்று கேட்டாள். அவளுடைய முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பிறகு பலமுறை என் வகுப்புகளில் தேடியிருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. தன்னிடம் இருப்பதுதான் கேட்கப்படுவது என்று விளங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் எழுதினோம். அவள் ஒன்றரைப் பக்கம்தான் எழுதினாள். கொடுக்குமுன் எனக்கு வாசிக்கத் தந்தாள். அதில், ‘ஆற்றுத் தண்ணீர் பால் விட்ட தேநீர் நிறம். கடல் அதை உடனே விழுங்காது, கொஞ்ச நேரம் வாயில் வைத்திருக்கும்’ என்று இருந்தது. அவளுடைய அப்பா வலை இழுப்பவர்களுக்குக் கை கொடுத்ததைப் பற்றி, ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பா ஆசைக்குப் பாரம் இழுப்பார்’ என்று இருந்தது. எனக்குப் பதினெட்டு வந்த கட்டுரைகள் எதிலும் அப்படி ஒரு வசனம் இல்லை என்று பத்து வயதிலேயே எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அதை இப்போது மறைப்பதில் பயன் இல்லை.

திங்கட்கிழமை கொப்பிகள் விழுந்தன. டீச்சர் எல்லாவற்றையும் கொடுத்து முடித்து, ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

“ஜெனிட்டா, எழும்பு. இதை ஆர் எழுதித் தந்தது?”

“நான்தான் டீச்சர் எழுதினேன்.”

“கடல் வாயில வைச்சிருக்குமாம். போன கிழமை வரைக்கும் ஏழு எடுத்த பிள்ளை எழுதுற வசனமா இது? எந்தப் புத்தகத்தில பாத்து எழுதினனீ?”

“இல்ல டீச்சர். வகுப்புலதான் எழுதினேன். எப்பிடி எழுதுறதுன்னு தர்சினி எனக்குச் சொல்லித் தந்தா.”

டீச்சர் என்னைப் பார்த்தார். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. “தர்சினி, நீ இவளுக்கு ஏதும் சொல்லிக் குடுத்தனீயா?”

நான் ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், நீ எங்கே படித்தாய் என்று கேட்பார். தாள் வெளியே வரும். டியூசனுக்குத் தெரிந்தால் சேர் என்னை நிறுத்திவிடுவார். கிடந்த ஒன்றும் போய்விட்டது என்று அம்மா அந்தப் பையைத் திறந்து பார்த்துக்கொண்டு இருப்பார். இவ்வளவும் நினைத்தேனா, அல்லது பயத்தில் வாய் தானாகச் சொன்னதா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

“இல்லை டீச்சர்” என்றேன்.

கொப்பியில் இருந்த எண்ணை டீச்சர் குறுக்கே கீறினார். பதினாறு என்று போட்டிருந்தார். சந்தேகம் வருவதற்கு முன் அவருடைய கை நேர்மையாகப் போட்ட புள்ளி அது. கீறிவிட்டு, ‘பார்த்து எழுதியது’ என்று எழுதினார். அடிமட்டத்தால் கையில் இரண்டு அடி. பிறகு பாடம் முடியும் வரைக்கும் கரும்பலகைக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்கச் சொன்னார். அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, எதையோ விளங்கிக்கொள்ளப் பார்ப்பவள் போல நின்றாள்.

அன்று இடைவேளையில் அவள் வழக்கம்போல மாலு பணிஸ்ஸைப் பிய்த்து எனக்குப் பாதி தந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் அழுது, எல்லாவற்றையும் கொட்டி, ஒருவேளை டீச்சரிடமும் போயிருப்பேன். அவள் கேட்கவில்லை. நான் பணிஸ்ஸைத் தின்றேன்.

அதற்குப் பிறகு அவள் திரும்பவும் பக்கங்களுக்குப் போய்விட்டாள். ஏழு வந்தது, எட்டு வந்தது, முயற்சி போதாது வந்தது. யாரும் அவளை எழும்பி நிற்கச் சொல்லவில்லை. ஏழு எடுத்தால் அடி இல்லை, பதினாறு எடுத்தால் அடி உண்டு. பள்ளிக்கூடம் அவளுக்கு ஐயமறத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான் என்று நினைக்கிறேன். வாங்குக்குக் கீழே அவள் என் கையைத் தேடுவதும் நின்றுபோனது. பரீட்சையன்று வெளியே வந்து, வாசலில் நின்ற ரீட்டா அன்ரியிடம் ஓடிப் போய், “மம்மி, தாள்ல எடம் முடிஞ்சுது. நான் ஓரத்துலயும் எழுதினேன்” என்றாள். ரீட்டா அன்ரி அவளுடைய நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு முத்தமிட்டார். இருவரும் அவ்வளவு சந்தோசமாக பஸ் ஏறிப் போனார்கள்.

முடிவுகள் வந்தபோது நான் வெட்டுப்புள்ளிக்கு மேலே. ஜெனிட்டா எவ்வளவு கீழே என்று நான் கேட்கவில்லை. ஜனவரியில் நான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்த ஆண்டுக்குள் நாங்கள் வெள்ளவத்தைக்கே வீடு மாறிவிட்டோம். அவள் ஒன்பதாம் வகுப்போடு நின்று, அம்மா வேலை செய்த தொழிற்சாலைக்கே போனாள் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன்.

நான் ஆசிரியையானேன். பயிற்சிக் கல்லூரியில் ஒருநாள் விரிவுரையாளர் ஒருவர், பாடம் தொடங்கும்போதே பிள்ளைக்கு எங்கே போகிறோம் என்று சொல்லவேண்டும், போய்ச் சேர்ந்தால் அது எப்படியிருக்கும் என்று காட்டவேண்டும், நல்லதையும் நல்லதல்லாததையும் பக்கத்தில் வைத்து ஏன் என்று பிள்ளையையே சொல்லவைக்க வேண்டும் என்று மிகச் சாதாரணமாக, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. ஒரு கார் கராஜுக்குள், வெளியில் சொல்லாதே என்று கையில் தரப்பட்டது இங்கே எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கிறதே என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் கரும்பலகையின் இடது மூலையில் ஒவ்வொரு நாளும் ‘இன்றைய கற்றல் பேறு’ இருக்கிறது. இருக்கவேண்டும், மேற்பார்வைக்கு வருகிறவர்கள் முதலில் அந்த மூலையைத்தான் பார்க்கிறார்கள். அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளைக்கு விளங்கியதா என்று கேட்பதில்லை. பிள்ளைகள் அதைத் திகதியோடு சேர்த்து இரண்டு நிறப் பேனையால் அழகாகக் கொப்பியில் எழுதுகிறார்கள். மூன்று கட்டுரைகளை வாசித்து எது நல்லது என்று கேட்கிறேன். “மிஸ், எது பரீட்சைக்கு வரும்?” என்று திருப்பிக் கேட்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், “இதுகளுக்கு மினக்கெடாம மொடல் பேப்பர் செய்விச்சா என்ன, மிஸ்?” என்று மிகப் பணிவாகக் கேட்டார். புள்ளித் திட்டம் இப்போது இரகசியமில்லை. எல்லோருடைய போனிலும் இருக்கிறது. அதைப் பார்த்து யாரோ பெரியவர்கள் எழுதிக் கொடுத்த கட்டுரையை முப்பத்தாறு பிள்ளைகளும் பாடமாக்கிக்கொண்டு வருகிறார்கள். முப்பத்தாறு கொப்பிகளிலும் ஒரே சூரியன் ஒரே மலைக்குப் பின்னால் உதிக்கிறது, கொழும்பில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து வருவதை அன்றாடம் பார்க்கும் பிள்ளைகளின் கொப்பிகளில். போன மாதம், களைத்துப்போய் இருந்த ஒரு பொழுதில், கடைசிக் கொப்பி ஒன்றின் கீழே ‘இன்னும் முயற்சி தேவை’ என்று என் கை எழுதியது. எழுதி முடித்த பிறகுதான் கண்டேன். வெட்டிவிட்டு வேறேதோ எழுதினேன். அந்தப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

சில மாதங்களுக்கு முன் கொட்டாஞ்சேனைச் சந்தையடி பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது, கையில் மரக்கறிப் பையோடு ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தர்சினி தானே? மொகம் மாறவே இல்ல.”

ஜெனிட்டா. கன்னம் ஒட்டி, முன்மயிர் நரைத்திருந்தது. தொழிற்சாலை மூடி, இப்போது கிராண்ட்பாஸில் ஒரு கடைக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறாள். ரீட்டா அன்ரி இறந்துவிட்டார். ஒரே மகன், பத்தாம் வகுப்பு.

“இந்த வருசத்தோட நிப்பாட்டப் போறேன். கராஜ் ஒண்ணுல வேலைக்குக் கேட்டிருக்கு.”

“ஏன்? ஓ-எல் சோதனை எடுக்கட்டுமே.”

“அவனுக்குப் படிப்பு ஏறாது. என்னைய மாதிரிதான். மொக்கு.”

அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. கண்ணாடி போட வேண்டியவர்கள், எனக்குக் கிட்டப்பார்வை என்று சொல்வதைப்போலச் சொன்னாள். அவ்வளவு காலம் நெஞ்சுக்குள் கிடந்ததை நான் அந்தப் பஸ் தரிப்பிடத்திலேயே சொன்னேன். நீ மொக்கு இல்லை, அந்த முகத்துவாரக் கட்டுரையை நீயேதான் எழுதினாய், வகுப்பிலேயே மிக நல்லது அதுதான், டீச்சர் கேட்டபோது நான் பொய் சொன்னேன், என்னால்தான் உனக்கு அடி விழுந்தது என்று, மூச்சு வாங்க, ஒன்றன்மேல் ஒன்றாகச் சொன்னேன். அவள் பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்.

“எந்தக் கட்டுரை?”

“ஆறும் கடலும் சேர்ற இடம். கடல் தண்ணியை வாயில வைச்சிருக்கும் எண்டு எழுதினனீ.”

“நானா?” சிரித்தாள். “சும்மா சொல்லாத. முட்டுக்கால்ல நிக்க வச்சது ஞாபகம் இருக்கு. எதுக்குன்னு தெரியாது. நான்தான் எப்பவும் எதாச்சும் பிழையாச் செஞ்சுக்கிட்டு இருப்பேனே.” என் தோளைத் தட்டினாள், ஆறுதல் சொல்ல வேண்டியது என்னைத்தான் என்பதுபோல. “நீ வேற யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசுற.”

மகனை என்னிடம் அனுப்பச் சொன்னேன். சனிக்கிழமைகளில் சும்மாவே சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். பாப்பம் என்றாள். பஸ் வந்தது, போன் நம்பரைச் சொல்லிக்கொண்டே ஏறினாள். இரண்டு முறை எடுத்தேன். முதல் முறை யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் முறை மகனே எடுத்தான். பின்னால் யாரோ இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது. “மம்மி வீட்டுல அன்ரி. நான் இப்ப வேலைல” என்றான். மரியாதையான பிள்ளை. சனிக்கிழமையைப் பற்றி நான் சொல்லத் தொடங்குமுன், சரி அன்ரி, வைக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

எங்கள் வகுப்பறை இருந்த கட்டடம் இன்று இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பி, பல்கனிகளில் உடுப்புக் காய்கிறது. மட்டக்குளித் தோட்டத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். அந்தக் கட்டுரைக் கொப்பி எந்தப் பழைய கடதாசிக்காரனின் தராசில் ஏறியதோ, யாருக்குக் கடலை சுற்றிக் கொடுத்தானோ தெரியாது. அந்த ஒன்றரைப் பக்கத்தில் என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த இரண்டு மூன்று வசனங்கள் மட்டும். நாயைப் பற்றி அவள் எப்படி எழுதியிருந்தாள் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. எப்படி முடித்திருந்தாள் என்பதும் வரவில்லை. ஞாபகம் இருப்பதாக நான் சொல்பவையும் அவளுடைய சொற்கள்தானா, இத்தனை ஆண்டுகளில் என் குற்றவுணர்ச்சி அவற்றை நன்றாக்கி வைத்திருக்கிறதா என்று சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவள் அதை எழுதவே இல்லை என்கிறாள்.